துனிஸ், 2013: சங்கம் கூட்டிய சபை

விடுதலைக்குப் பின் ஆப்பிரிக்கா – 14

2015 அக்டோபர் 9ஆம் தேதி நோபல் அமைதிப் பரிசை அறிவித்த ஆஸ்லோ குழு, ஊகப் பட்டியல்களில் முன்னால் நின்ற யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. துனீசியாவின் நான்கு அமைப்புகள் சேர்ந்த ஒரு குழுவுக்குப் பரிசு போனது. பொதுத் தொழிலாளர் சங்கம், முதலாளிகளின் கூட்டமைப்பான உத்திக்கா, மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும்தான் அவை. 2013இல் உள்நாட்டுப் போரின் விளிம்புக்குப் போன நாட்டை இவை பேச்சுவார்த்தையால் மீட்டன என்பது பரிசுக்குச் சொல்லப்பட்ட காரணம். அதற்குப் பிறகு ஜனநாயக வளர்ச்சி பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் எல்லாம் துனீசியா ஒரு பாடக்கதை ஆகிவிட்டது. நல்லெண்ணம் உள்ள நாலு பேர் பகையாளிகளை அழைத்து உட்கார வைத்தார்கள், அவர்களும் மனம் மாறினார்கள் என்று போகும் அந்தக் கதை. நடந்தது அப்படியல்ல. சென்ற இதழில் பார்த்த பெனினில், 1990இல், அரசு ஊழியருக்குச் சம்பளம் போடக் கஜானாவில் பணமில்லாத ஒரு ராணுவ ஆட்சி மாநாட்டுக்குத் தானே இறங்கி வந்தது. துனீசியாவில் யாரும் தானாக இறங்கி வரவில்லை. பேச்சைக் கூட்டியவர்களிடம் பேச்சைத் தவிர வேறொன்றும் இருந்தது: நாட்டை ஒரே நாளில் நிறுத்திப்போடும் பலம். அந்தப் பலம் எப்படிச் சேர்ந்தது, எதைச் சாதித்தது, எங்கே தேய்ந்தது என்பதைப் பார்த்தால்தான், ஒரு வளரும் நாட்டில் ஜனநாயகத்துக்குத் துணை நிற்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

பிரெஞ்சு ஆட்சியில் துனீசியத் தொழிலாளர்கள் தனியாகச் சங்கம் அமைக்க முயன்றது 1924இல். முகம்மது அலி அல்ஹம்மி தொடங்கிய அந்தச் சங்கத்தை அரசு சில மாதங்களில் நசுக்கி, அவரை நாடு கடத்தியது. இருபது ஆண்டுகள் கழித்து, கெர்க்கென்னா தீவில் பிறந்து, போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஃபர்ஹத் ஹஷாத் அந்த வேலையை மறுபடி கையிலெடுத்தார். பிரெஞ்சுத் தொழிற்சங்கத்துக்குள் இருந்து பார்த்து, அங்கே துனீசியத் தொழிலாளிக்கு இரண்டாம் இடம்தான் என்று தெளிந்து வெளியேறியவர் அவர். 1946 ஜனவரி 20 அன்று பொதுத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் விடுதலை இயக்கத் தலைவர் பூர்கிபாவும் அவருடைய நியூ டெஸ்தூர் கட்சித் தலைவர்களும் சிறையிலும் காவலிலும் இருந்தபோது விடுதலை இயக்கத்தை நடத்தியது இந்தச் சங்கம். 1952 டிசம்பர் 5 காலை, ராதெஸ் அருகே ஹஷாத்தின் கார்மீது சுட்டார்கள். காயத்தோடு தப்பியவரை இன்னொரு காரில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றார்கள். 'சிவப்புக் கை' என்ற பெயரில் இயங்கிய பிரெஞ்சு ரகசியக் கும்பலின் வேலை அது. செய்தி கேட்டு மொராக்கோவின் காசாபிளாங்காவில் கலவரம் வெடித்து, அங்கும் பலர் செத்தார்கள். துனீசியாவில் எந்தக் கட்சியும், விடுதலை தந்த கட்சி உட்பட, சங்கத்தைப் பார்த்து 'உனக்கு அரசியலில் என்ன வேலை' என்று கேட்க முடியாமல் போனதற்கு இந்த மரணம் முக்கியக் காரணம். ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் தொழிற்சங்கத்தை ஆளுங்கட்சி பெற்றது அல்லது விழுங்கியது. இங்கே கட்சிக்கும் சங்கத்துக்கும் உறவு உண்டு, சண்டையும் உண்டு, ஆனால் சங்கத்துக்குத் தன் சொந்தத் தியாகி இருந்தார்.

1956 விடுதலைக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த பூர்கிபா சங்கத்தை அடக்கப் பார்த்தார், அணைக்கவும் பார்த்தார். இரண்டும் ஒரே ஆண்டுக்குள் நடந்த காலமும் உண்டு. 1977 ஜனவரியில் அரசு, சங்கம், உத்திக்கா மூன்றும் ஒரு சமூக ஒப்பந்தம் செய்துகொண்டன. விலைவாசிக்கு ஏற்பச் சம்பளம், பதிலுக்குத் தொழில் அமைதி என்பது பேரம். அதை வடித்தவர் சமூக விவகார அமைச்சர் முகம்மது எனாசர். ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் காற்றில் போனது. அரசின் கடும்போக்கை ஏற்காமல் எனாசர் பதவி விலகினார். சங்கத் தலைவர் ஹபீப் அஷூர் ஆளுங்கட்சித் தலைமைக் குழுவை விட்டு வெளியேறினார். 1978 ஜனவரி 26, வியாழக்கிழமை, பொது வேலைநிறுத்தம். ராணுவம் தெருவில் இறங்கிச் சுட்டது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கே ஐம்பது உயிர்களை ஒட்டி வந்தது, மற்றவர்கள் சொன்னது அதைவிடப் பல மடங்கு. அஷூர் சிறைக்குப் போனார். முத்தரப்புப் பேச்சு என்ற ஏற்பாடு துனீசியாவுக்கு 2013இல் புதிதாக வந்து சேரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் முன்பே அது இருந்தது. அரசுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் பலம் சிறைக்குள் அடைக்கப்படக்கூடியதாக இருந்தவரை ஒப்பந்தத்துக்குக் காகித மதிப்புதான்.

1987இல் பூர்கிபாவை இறக்கிவிட்டு வந்த பென் அலி காலத்தில் சங்கம் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தது. தலைமை அரண்மனையோடு அனுசரித்துப் போனது, தேர்தல்தோறும் பென் அலிக்கு ஆதரவு அறிவித்தது. கீழே, மாவட்ட அலுவலகங்களிலும் ஆசிரியர், தபால், சுகாதாரச் சங்கங்களிலும் இடதுசாரிகளும் தடைசெய்யப்பட்ட கட்சிக்காரர்களும் ஒதுங்க இடம் கண்டார்கள். 2008இல் கஃப்ஸா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் இந்த இரண்டு முகமும் ஒன்றோடொன்று மோதின. ரெதெயெஃப் ஊரில், கம்பெனி வெளியிட்ட வேலைத் தேர்வுப் பட்டியலில் ஊழல் என்று குடும்பங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தன. போராட்டத்தை நடத்தியவர்கள் சங்கத்து ஆசிரியர்கள். அவர்கள் குற்றம்சாட்டியவர்களில் ஒருவர் அதே சங்கத்தின் வட்டாரத் தலைவர், ஆளுங்கட்சி எம்.பி., சுரங்கத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பும் தொழிலும் அவருடையது. துனிஸ் தலைமை போராடியவர்கள்மீதே நடவடிக்கை எடுத்தது. சங்கத்தைப் புனிதமாக்கி எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிப் போவார்கள். 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித்தில் தள்ளுவண்டி வியாபாரி முகம்மது புவாசிசி தீக்குளித்தபோதும், மறியலை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் உள்ளூர்ச் சங்கக்காரர்கள், தலைமை பின்னால்தான் வந்தது. ஆனால் வந்தது. ஜனவரி 12இல் ஸ்ஃபாக்ஸ் நகரம் முழு வேலைநிறுத்தம் செய்தது, 14ஆம் தேதி துனிஸ். அன்று மாலை பென் அலி நாட்டை விட்டு விமானம் ஏறினார்.

2011 அக்டோபர் தேர்தலில் 217 இடங்கள் கொண்ட அரசியல் நிர்ணய சபையில் இஸ்லாமியக் கட்சியான எனஹ்தா 89 இடங்களைப் பிடித்து, இரண்டு மதச்சார்பற்ற கட்சிகளோடு ஆட்சி அமைத்தது. சங்கத்துக்கும் எனஹ்தாவுக்கும் ஆரம்பத்திலேயே ஒத்துவரவில்லை. 2012 அக்டோபரில் சங்கம் எல்லாக் கட்சிகளையும் தேசியக் கலந்துரையாடலுக்கு அழைத்தது. எனஹ்தாவும் குடியரசுத் தலைவர் மர்சூக்கியின் கட்சியும் வரவில்லை. இந்த விவரம் முக்கியமானது. அழைப்பவர் நல்லவர் என்பதும் அழைப்பு நியாயமானது என்பதும் போதுமென்றால், வேலை அப்போதே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக டிசம்பர் 4 அன்று, ஹஷாத்தின் அறுபதாம் நினைவு நாளுக்கு முந்தைய தினம், புரட்சிப் பாதுகாப்புக் குழுக்கள் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள் முகம்மது அலி சதுக்கத்தில் இருக்கும் சங்கத் தலைமையகத்தைத் தாக்கினார்கள். சங்கம் 13ஆம் தேதிக்குப் பொது வேலைநிறுத்தம் அறிவித்து, அரசோடு உடன்பாடு கண்டு, முந்தைய நாள் விலக்கிக்கொண்டது. அறிவித்தும் நடத்தாமல் விட்ட அந்த வேலைநிறுத்தம், நடத்தியவற்றைவிட அதிகம் சொன்னது. 2013 பிப்ரவரி 6இல் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பெலையீத் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறுதி ஊர்வலத்தன்று நாடே நின்றது. 1978க்குப் பிறகு முதல் பொது வேலைநிறுத்தம் அது. ஜூலை 25இல் சபை உறுப்பினர் முகம்மது பிராஹ்மி கொலை, சில நாளில் ஷஅம்பி மலையில் எட்டு ராணுவ வீரர்கள் கொலை. அறுபது உறுப்பினர்கள் அளவில் சபையை விட்டு வெளியேறி, சபைக் கட்டடத்துக்கு முன்னால் பார்தோ சதுக்கத்தில் கூட்டத்தோடு உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று சபைத் தலைவர் பென் ஜாஃபர், பேச்சு தொடங்கும்வரை சபை கூடாது என்று அறிவித்தார்.

இந்தக் கட்டத்தில்தான் நால்வர் குழு. அதில் எடை கூடிய சேர்க்கை எது என்றால் உத்திக்காதான். சங்கத்தின் ஹுசைன் அப்பாசியும் உத்திக்காவின் விதெத் புஷமாவியும் அதே ஆண்டு ஜனவரி 14 அன்று அரசோடு ஒரு சமூக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். சம்பளம், பயிற்சி, சமூகக் காப்பு பற்றியெல்லாம் பேரம் பேசிப் பழகியதில் எதிராளியின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. தொழிலாளியும் முதலாளியும் ஒரே கோரிக்கையோடு வந்து நின்றால், 'இது எதிர்க்கட்சியின் சூழ்ச்சி' என்று அரசு சொல்லித் தப்ப வழியில்லை. செப்டம்பர் 17இல் அவர்கள் வெளியிட்ட வழித்தடத் திட்டம் மூன்று வாரத்தில் அரசு விலக வேண்டும், நான்கு வாரத்தில் அரசியல் சட்டம் முடிய வேண்டும் என்று கெடு வைத்தது. அக்டோபர் 5 அன்று துனிஸ் மாநாட்டு மாளிகையில் தொடக்க விழா. வந்த கட்சித் தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். முதலில் திட்டத்தில் கையெழுத்து, பிறகுதான் மேஜை என்றார் அப்பாசி. 21 கட்சிகள் கையெழுத்திட்டன, மர்சூக்கியின் கட்சி மறுத்தது. சபையில் 89 பேர் வைத்திருந்த கட்சிக்கும் ஓரிருவர் வைத்திருந்த கட்சிக்கும் மேஜையில் ஒரே அளவு இடம். பிரதமர் யார் என்பதில் பேச்சு முட்டி நின்றது. எனஹ்தா 88 வயது அஹ்மத் மெஸ்திரியைச் சொன்னது. எதிரணி சொன்னது 1977இன் அதே எனாசரை, அவருக்கு 79. இளைஞர்கள் செய்த புரட்சிக்கு இந்த இரண்டு பெயர்களைத் தவிர வேறு கிடைக்கவில்லை என்பதை என்னவென்று சொல்வது! நவம்பர் 4இல் பேச்சு நிறுத்தப்பட்டது. டிசம்பர் 14இல், பல கட்சிகள் வாக்களிக்காமல் ஒதுங்கிய நிலையில், ஒன்பது கட்சிகளின் வாக்கில் தொழில்துறை அமைச்சர் மெஹ்தி ஜும்ஆ தேர்வானார். ஜனவரி 9இல் பிரதமர் லரையேத் விலகினார். மூன்று வாரம் என்றது மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தது. ஜனவரி 26 அன்று சபை 200 வாக்குகளுக்கு 12 என்ற கணக்கில் அரசியல் சட்டத்தை ஏற்றது. அதன் 36ஆம் பிரிவு வேலைநிறுத்த உரிமையை எழுதி வைத்தது.

எனஹ்தா பணிந்தது சங்கத்துக்குப் பயந்தா, எகிப்துக்குப் பயந்தா என்று கேட்பவர்கள் உண்டு. 2013 ஜூலை 3இல் கெய்ரோவில் ராணுவம் இஸ்லாமிய இயக்கத்து அதிபர் முர்ஸியைக் கவிழ்த்தது. ஆகஸ்ட் 14இல் ராபா சதுக்கத்தில் பாதுகாப்புப் படைகள் அவர் ஆதரவாளர்களை நூற்றுக்கணக்கில் கொன்று குவித்தன. மறுநாளே எனஹ்தா தலைவர் ரஷீத் கன்னூஷி பாரிஸில் எதிரணித் தலைவர் எஸ்ஸெப்சியைச் சந்தித்தார். துனீசிய ராணுவத்துக்கு அரசியல் பசி இருந்ததில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. இவை எல்லாம் மெய். ஆனால் அச்சம் ஒருவனை ஓடவும் வைக்கும், ஆயுதம் எடுக்கவும் வைக்கும், பேரம் பேசவும் வைக்கும். பக்கத்து லிபியாவில் அச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, 2012இல் அங்கும் தேர்தல் நடந்தது. கடாஃபி நாற்பது ஆண்டுகளில் கட்சிகளையும் சுதந்திரமான சங்கங்களையும் துடைத்தெறிந்திருந்ததால், அழைக்கவும் ஆளில்லை, ஜாமீன் நிற்கவும் ஆளில்லை. 2014க்குள் அங்கே இரண்டு அரசுகள், இரண்டு படைகள். அஞ்சியவர்கள் போய் உட்கார ஓர் இடம் துனிஸில் இருந்தது, திரிப்போலியில் இல்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசை, யாரும் வாக்களிக்காத நான்கு சங்கங்கள் விலகச் சொல்வது எந்த ஜனநாயகம்? மர்சூக்கி கட்சியின் வாதம் இதுதான், இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அரசியல் சட்டத்தை ஓராண்டுக்குள் எழுதி முடிப்போம் என்று 2011 செப்டம்பரில் எனஹ்தா உட்படப் பெரிய கட்சிகள் பல கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தன. வாக்குச்சீட்டின் பலம் 2012 அக்டோபரோடு குறையத் தொடங்கிவிட்டது. நால்வர் குழு எடுத்த முடிவுகளும் நேராகச் சட்டமாகவில்லை. அரசியல் சட்டத்துக்கும் ஜும்ஆ அமைச்சரவைக்கும் வாக்களித்தது அதே சபைதான். குழுவின் தலைவர்கள் யாரும் அந்த அமைச்சரவையில் சேரவும் இல்லை. இருந்தாலும் ஆட்சேபத்தில் ஒரு முள் மிச்சம் இருக்கிறது. தலைவர்கள் மூடிய அறையில் ஒத்துப்போவதுதான் அரசியல் என்ற பழக்கம் அப்போது ஆரம்பித்தது. 2014 தேர்தலில் எதிரெதிராக நின்ற எஸ்ஸெப்சியின் கட்சியும் எனஹ்தாவும் சேர்ந்து ஆண்டபோது, எதிர்க்கட்சி என்று சொல்ல நாடாளுமன்றத்தில் கிட்டத்தட்ட யாரும் இல்லை.

அரசியலைத் தீர்த்த அந்த மேஜை வயிற்றுப்பாட்டைத் தீர்க்கவில்லை. 2013 ஜனவரி 14இல் கையெழுத்தான சமூக ஒப்பந்தம், அதே ஆண்டுக் கொலைகளின் நெருக்கடியில் அலமாரிக்குப் போனது. அது சொன்ன தேசியச் சமூக உரையாடல் மன்றத்துக்கு 2017 ஜூலையில்தான் சட்டம் வந்தது, மன்றம் கூடியது 2018 நவம்பரில். ஏறக்குறைய ஆறு ஆண்டு தாமதம். இடையில் என்ன நடந்தது என்பதைத் தெற்கே தத்தாவீன் பாலைவனத்தில் பார்க்கலாம். 2017 ஏப்ரலில் வேலையற்ற இளைஞர்கள் அல்கமூர் என்ற இடத்தில் எண்ணெய் லாரிகள் போகும் பாதையில் கூடாரம் அடித்தார்கள். மே மாதம் எண்ணெய்க் குழாயின் வால்வை மூடினார்கள், மோதலில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஜூனில் சங்கத்தின் புதிய தலைவர் நூருதீன் தபூபி நடுவராக இருந்து உடன்பாடு செய்தார். எண்ணெய்க் கம்பெனிகளில் 1,500 வேலை, சுற்றுச்சூழல் நிறுவனங்களில் 3,000 வேலை, ஆண்டுக்கு 8 கோடி தினார் வளர்ச்சி நிதி. சொன்னபடி வந்து சேரவில்லை என்று 2020 ஜூலையில் அதே வால்வு மறுபடி மூடப்பட்டது. கவனிக்க வேண்டியது, அந்த இளைஞர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை. புவாசிசியும் இல்லை. ஏழு லட்சத்துக்கு மேல் உறுப்பினர் என்று சொல்லும் சங்கத்தின் முதுகெலும்பு அரசு ஊழியர்கள். தள்ளுவண்டிக்காரர், ஆலிவ் தோப்புக் கூலிப் பெண், பட்டம் வாங்கி வீட்டில் இருப்பவர் யாருக்கும் அந்த மேஜையில் நாற்காலி இல்லை.

சங்கத்தின் சம்பளக் கோரிக்கைகள்தான் பொருளாதாரத்தைக் கவிழ்த்தன என்று பொருளாதார நிபுணர்கள் பலர் எழுதுகிறார்கள். அரசின் சம்பளச் செலவு 2010இல் உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்தை ஒட்டி இருந்தது, பத்தாண்டில் 16ஐத் தாண்டியது. 2010இல் 80 லட்சம் டன் அளவில் வெட்டியெடுத்த பாஸ்பேட், அடுத்த பத்தாண்டில் பாதியைத் தொட்ட வருடங்களே குறைவு. இந்தக் கணக்கைச் சங்கத்தின் நண்பர்களும் மறுக்க முடியாது. ஆனால் ஊழியர் எண்ணிக்கையைப் பெருக்கியதில் வாக்குக்கு ஆசைப்பட்ட எல்லா அரசுகளுக்கும் பங்கு உண்டு. பாஸ்பேட் ரயிலை மறித்தவர்களில் பெரும்பகுதி, சங்கத்துக்கு வெளியே நின்ற வேலையற்றவர்கள். ஐ.எம்.எஃப். 2016இல் 290 கோடி டாலர் கடனுக்குச் சம்பளச் செலவுக் குறைப்பை நிபந்தனை ஆக்கியபோது, வரி ஏய்ப்பையும் கடத்தல் வணிகத்தையும் சேர்த்து மேஜைக்குக் கொண்டுவரும் துணிவு எந்த அரசுக்கும் இல்லை. 2018 நவம்பரிலும் 2019 ஜனவரியிலும் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் நாட்டை நிறுத்தியது. 2013இல் எல்லோருக்காகவும் ஓங்கிய கை, இப்போது சிலருக்காக ஓங்குகிறது என்று தெருவில் நின்றவனுக்குப் பட்டதில் வியப்பில்லை.

2021 ஜூலை 25இல் குடியரசுத் தலைவர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது உள்நாட்டு மாவட்டங்களில் மக்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள். அதற்கு முன் 2020 இறுதியில் புதிய தேசியக் கலந்துரையாடலுக்குச் சங்கம் திட்டம் கொடுத்தபோது அவர் கிடப்பில் போட்டார். அவருக்கு 2019இல் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வாக்கு விழுந்திருந்தது, கட்சி இல்லை, முதலாளிகள் ஆதரவு தேவையில்லை. மேஜைக்கு வந்தால் அவருக்குக் கிடைப்பது எதுவும் இல்லை, வராவிட்டால் இழப்பதும் இல்லை. 2022 ஜூன் 16இல் அரசுத் துறை வேலைநிறுத்தம் வெற்றி, ஆனால் அவர் அசையவில்லை. அடுத்த மாதம் முப்பது சதவீத வாக்குப்பதிவில் புதிய அரசியல் சட்டம். வேலைநிறுத்த உரிமை அதிலும் உண்டு, நீதிபதிகள் மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 2023 தொடக்கத்தில் மறுபடி நான்கு அமைப்புகள் சேர்ந்து நாட்டை மீட்கும் திட்டம் ஒன்றைத் தயாரித்தன. சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் மூன்றும் பழையவை. நான்காவது, பொருளாதார, சமூக உரிமைகளுக்கான ஓர் அமைப்பு. உத்திக்கா சேரவில்லை. பத்தாண்டுக்கு முன் எடை கூட்டிய அந்த நாற்காலி இல்லாதபோது, சங்கம் மற்றோர் எதிர்க்கட்சியாக மட்டுமே தெரிந்தது. ஜனவரி கடைசியில் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடி ஊழியர்களின் சங்கச் செயலர் வேலைநிறுத்தத்துக்காகக் கைது செய்யப்பட்டார்.

வெளியிலிருந்து துணை நின்றவர்கள் என்ன செய்தார்கள்? 2013 ஒப்பந்தத்துக்கு உலகத் தொழிலாளர் அமைப்பு உழைத்தது உண்மை, அது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புரட்சிக்குப் பிறகு ஐரோப்பியப் பணம் துனிஸ் ஓட்டல்களில் நடத்திய பயிலரங்குகளைவிட, 1951இல் ஹஷாத் தம் சங்கத்தைச் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் உலகக் கூட்டமைப்பில் சேர்த்து, அமெரிக்கத் தொழிலாளர் தலைவர்களை நேரில் சந்தித்துத் திரட்டிய ஆதரவு அதிகம் பலித்தது. அவர் உயிரை அது காக்கவில்லை. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் கிளைகளையும் காத்தது. பேச்சுக்குப் பணம் கொடுப்பது எளிது, மூன்று மாதத்தில் அறிக்கை வந்துவிடும். தள்ளுவண்டிக்காரர்களும் தோப்புக் கூலிகளும் தங்களுக்கென்று சந்தா வசூலித்து, தேர்தல் நடத்தி, ஒரு சங்கமாவதற்கு இருபது வருடம் ஆகும். எந்த நன்கொடைத் திட்டமும் இருபது வருடத்துக்குப் போடப்படுவதில்லை.

சங்கத்தின் சரிவில் சயீதின் பங்கை எழுதிவிட்டு அதன் சொந்தப் பங்கை விட்டுவிடுவது நியாயமாகாது. தலைமைக் குழு உறுப்பினர் இரண்டு தவணைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்று அதன் விதி இருந்தது. பென் அலி காலத்து அனுபவத்தால் எழுதிக்கொண்ட விதி. 2021 ஜூலையில் சூசா நகரில் கூடிய சிறப்பு மாநாடு அந்தத் தடையை நீக்க வழி செய்தது. சயீத் நாடாளுமன்றக் கதவைப் பூட்டியது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அரசியல் சட்டத்தை வளைக்கிறார் என்று அவரைக் கேட்க வேண்டிய நேரத்தில், சொந்த விதியை வளைத்த வழக்கோடு தபூபியின் ஆட்கள் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

(தொடரும்)